பெயர் வெட்டிய டிரம்

இந்த வருசம் பொங்கல் சீர் வேண்டாம் என்று பொண்டாட்டியும் சொன்னாள், மகளும் சொன்னாள். நல்லகாமன் இரண்டு பேர் பேச்சையும் காதில் வாங்கவில்லை. யார் பேச்சைத்தான் வாங்கியிருக்கிறார் அந்த மனுசன்? தனக்கு ஒன்று சரியென்று பட்டுவிட்டால் அது ஊருக்கே சரி. இப்படியே ஐம்பத்தெட்டு வயசை ஓட்டிவிட்டார்.

"மாப்ள வேல விசயமா திருப்பூர் போயிட்டாராம். பொங்கலுக்கு யாரும் சோழவந்தான் பக்கம் வர வேணாம்னு ரோகிணி சொல்றா. அவளே ஒரு நா வந்துட்டுப் போறாளாம்" என்று மாயக்காள் மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள்.

"மாப்ள இல்லாட்டி என்ன? சீரு அவருக்கா குடுக்குறோம்? நம்ம புள்ளைக்குக் குடுக்குறோம். தீபாவளிக்கும் இதே கததான் சொன்ன. பொங்கலுக்கு நான் போறேன், அம்புட்டுத்தான்."

மாயக்காள் அதற்கு மேல் பேசவில்லை. பேசிப் பிரயோசனமில்லை என்று முப்பத்தோரு வருசத்தில் அவளுக்குத் தெரியாதா?

நல்லகாமனுக்குப் பரவையில் திண்டுக்கல் ரோட்டோரமாக ஒரு வெல்டிங் பட்டறை. கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் அடிப்பார். ரோகிணி ஒரே மகள். கட்டிக்கொடுத்து மூன்று வருசம் முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணுவாள். "நல்லா இருக்கேன்ப்பா, நீங்க சாப்ட்டீங்களா?" என்பாள். அதைக் கேட்டுவிட்டுத்தான் அவர் மத்தியானம் தூங்கப் போவார்.

கட்டிக்கொடுத்த புதிதில் ஒருதரம், வீட்டுக்குப் பின்னால் மூன்று கல்லைக் கூட்டித்தான் வெந்நீர் போடுகிறோம், புகையில் கண்ணெல்லாம் எரிகிறது என்று சொல்லியிருந்தாள். அது இந்த மார்கழியில் திடீரென்று அவருக்கு ஞாபகம் வந்தது. மகளுக்குப் புகையில்லாத விறகடுப்பு ஒன்றைத் தன் கையாலேயே செய்து, கரும்போடும் மஞ்சக்கொத்தோடும் கொண்டுபோய் இறக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார். கடையில் விற்காத அடுப்பு என்பதை நாலு தடவை நினைத்து நினைத்துத் தானே சந்தோசப்பட்டுக்கொண்டார்.

சாமானுக்குப் பழைய இரும்புக்கடை ஆண்டிச்சாமியிடம் போனார். அவன் வண்டி வாராவாரம் மதுரையைச் சுற்றிவந்து தட்டுமுட்டுச் சாமானை அள்ளிவரும். மோட்டார் கிணற்றில் கழற்றிப் போட்ட ஆறு இஞ்சு இரும்புக் குழாய் ஒரு துண்டு, லாரி பிரேக் டிரம் ஒன்று, உடைந்த கட்டிலின் கால்கள் என்று பொறுக்கினார். மேல்கூட்டுக்கு உயரமாக எவர்சில்வரில் ஏதாவது இருந்தால் துருப்பிடிக்காமல் கிடக்குமே என்று தேடும்போது, மூலையில் அரிசி கொட்டிவைக்கிற பெரிய டிரம் ஒன்று கிடந்தது. எந்தப் பெயிண்டரோ அதில் கலர் கலக்கியிருக்கிறான். உள்ளும் புறமும் பச்சையும் காவியுமாக ஒரு விரல் கனத்துக்கு அப்பிக் காய்ந்திருந்தது.

"ஆண்டிச்சாமி, இதயும் போடு."

"அண்ணே, அதச் சுரண்டுறதுக்குள்ள உங்களுக்கு அறுவதாங் கல்யாணம் வந்துரும்ணே."

"சுரண்டுவானேன்? நெருப்ப வச்சா தன்னால உரிஞ்சிட்டுப் போகுது."

இரண்டு நாள் வேலை. குழாயை எல் எழுத்து மாதிரி வெட்டி ஒட்டினார். படுத்த பக்கம் விறகு வைக்கிற வாய், நின்ற பக்கம் தீ ஏறுகிற தொண்டை. விறகுக்கு அடியில் காற்று போக ஒரு கம்பித் தட்டு. டிரம்மின் அடியில் ஓட்டை போட்டுக் குழாயை உள்ளே இறக்கி, சுற்றிலும் ரைஸ் மில் உமிச்சாம்பலைக் கொட்டி இறுக்கினார். சூடு வெளியே போகாமல் சாம்பல் பிடித்துவைக்கும், அனல் முழுக்கப் பாத்திரத்துக்குத்தான். மேலே பிரேக் டிரம்மைக் கவிழ்த்து, பாத்திரம் ஆடாமல் உட்கார மூன்று கம்பித்துண்டு வைத்து ஒட்டினார். கட்டில் கால்கள் அடுப்புக்குக் கால்களாயின. மனுசனுக்குப் பிடிவாதம் எம்புட்டு உண்டோ அம்புட்டுக்குக் கைவேலையும் உண்டு, அதை இல்லையென்று சொல்லக் கூடாது.

வியாழக்கிழமை காலையில் முதல் நெருப்பு வைத்தார். மாயக்காள் டவுனுக்குப் போயிருந்தாள், அதனால் குறை சொல்ல ஆளில்லை. சுண்டுவிரல் கனத்தில் ஐந்தாறு கருவேலங்குச்சிதான் செருகினார். முதலில் கொஞ்சம் புகைந்தது. பிறகு தொண்டைக்குள் தீ ஏறி உர்ரென்று இழுக்க ஆரம்பித்தது. புகை நின்றேபோனது. ஒரு சட்டித் தண்ணீர் பத்து நிமிசத்தில் கொதித்தது. நல்லகாமன் தனியாக நின்று சிரித்தார்.

சாம்பலைத் தாண்டிக் கொஞ்சம் சூடு டிரம்மில் ஏறத்தான் செய்தது. பச்சையும் காவியும் கொப்புளம் விட்டு, பொருக்குப் பொருக்காகக் கழன்று விழுந்தது. உள்ளேயிருந்து எவர்சில்வர் பளபளத்தது. ஒரு கம்பியை எடுத்து மிச்சத்தையும் தட்டிவிட்டார். அப்போது பக்கவாட்டில் புள்ளி புள்ளியாக எழுத்துத் தெரிந்தது.

பாத்திரத்தில் பெயர் வெட்டுவது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். வாசிக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. கண்தான் தானாக வாசித்தது.

'செல்வமகள் ரோகிணிக்கு நல்லகாமன் - மாயக்காள் அன்புச் சீர்.'

கையிலிருந்த கம்பி காலில் விழுந்தது. வலி தெரியவில்லை. குனிந்து மறுபடியும் வாசித்தார். அடியில் ஊர்ப் பெயர் இருந்தது, கல்யாணத் தேதி இருந்தது. பாத்திரக்கடையில் கூடவே உட்கார்ந்து அவர்தான் ஒவ்வொரு சாமானிலும் வெட்டச் சொன்னார். அண்டாவில் ஆரம்பித்துக் கரண்டி வரைக்கும் ஒன்று பாக்கியில்லை. "நாளைக்கு எவனும் இது யாருதுன்னு கேக்கக் கூடாது" என்றார் அன்றைக்கு. இன்றைக்கு அந்த டிரம்மின் அடியில் அவரே ஓட்டை போட்டு, அவரே நெருப்பும் வைத்திருக்கிறார்.

கொடுத்த சீரைப் பழைய இரும்புக்குப் போடுகிற வீட்டில் மகள் என்ன பாடு படுகிறாளோ? அந்தப் பிள்ளை வாயைத் திறக்காமல் வாராவாரம் நல்லா இருக்கேன் என்கிறதே! விறகை உருவி மண்ணில் அமுக்கினார். அடுப்பை ஆறக்கூட விடாமல் ஈரச்சாக்கைச் சுற்றி எக்ஸெல் வண்டியின் பின்னால் கட்டினார். சோழவந்தான் போய்ச் சேர்கிறவரைக்கும் அவர் வாய் ஓயவில்லை. எதிரே வந்தவன் எல்லாம் தன்னைத்தான் வைகிறார் என்று நினைத்திருப்பான்.

சம்பந்தியம்மா முத்துச்செல்வி முற்றத்தில் உட்கார்ந்து வெற்றிலையை அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் எழுந்தாள். ஆனால் வாங்க என்று சொல்லவில்லை.

நல்லகாமன் சாக்கை உரித்தார். "இது என்னன்னு பாரு தங்கச்சி. எம்மகளுக்கு நான் போட்ட சீரு. பழைய இரும்புக்கடைல கெடந்துச்சு. சோத்துக்கு வழியில்லன்னா எங்கிட்டக் கேட்ருக்கலாம்ல?"

முத்துச்செல்வி டிரம்மைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள். "என்னண்ணே வம்புக்குன்னே வந்துருக்கீங்களா? எங்க வீட்ல உங்க சாமான் ஒரு டம்ளர்கூட இல்ல. எல்லாத்தயும்தான் சித்திரையிலயே வண்டில ஏத்திக்கிட்டுப் போயிட்டாளே உங்க மக."

"எங்க போயிட்டா?"

"எங்க போயிட்டாளா? ஊர்ப் பெரியவங்கள வச்சு, ஒவ்வொண்ணா எடுத்து, பேரு இருக்கா பேரு இருக்கான்னு பாத்துப் பாத்துக் குடுத்தோம். நீங்கதான் கரண்டில வரைக்கும் வெட்டி வச்சிருக்கீங்களே, யாரு என்ன பேச முடியும்? அப்பா வரலையான்னு கேட்டதுக்கு, அவருக்கு உடம்புக்கு முடியலன்னா." அவள் சட்டென்று நிறுத்தினாள். முகம் மாறியது. "உங்க வீட்லதான இருக்கா?"

நல்லகாமன் டிரம்மில் இருந்த பெயரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே! ஒம்பது மாசமா அவ அப்பன் வீட்ல இருக்கான்னுதான் நாங்க நெனச்சுக்கிட்டிருக்கோம். எங்களுக்கும் ரோசம் இருக்கு, அதான் எட்டிப் பாக்கல. உங்க வீட்ல இல்லையா அவ?"

வெயில் முற்றத்தில் நன்றாக அடித்தது. நல்லகாமனுக்கு மட்டும் குளிர்ந்தது. ஒன்பது மாசம். தீபாவளிக்கு வந்து ஒரு நாள் இருந்துவிட்டு, மாமியார் தேடும் என்று சொல்லிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாளே. அன்றைக்கு எங்கே போனாள்? மகள் இருக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்த வீட்டில் அவள் இல்லை. அந்த வீடு நினைத்துக்கொண்டிருந்த இடத்திலும் இல்லை.

"எதுக்குப் போனா?" என்று கேட்டார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

முத்துச்செல்வி வெற்றிலையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எம்மகன் ஜெயபாண்டி கை நீட்டுனான்தான், இல்லைங்கல. எந்த வீட்லதான் இல்ல? இவ அதுக்குன்னு..."

"எம்மக மேல கை வச்சானா அவன்? எனக்குத் தெரியாதே! தெரிஞ்சிருந்தா கைய ஒடிச்சிருப்பேனே!" என்று கத்தினார். பக்கத்து வீட்டில் இரண்டு தலை எட்டிப் பார்த்தது. முத்துச்செல்வி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். என்னவோ சொல்ல வாயெடுத்தாள், அப்புறம் பேசாமல் உட்கார்ந்து வெற்றிலையை எடுத்துக்கொண்டாள்.

அவர் போனை எடுத்து மகளுக்குப் போட்டார். மூன்றாவது மணியில் எடுத்தாள்.

"என்னப்பா, வியாழக்கெழம போன் பண்றீங்க?"

"சும்மாதான்த்தா. என்ன செய்ற?"

"மாடில துணி காயப்போட்டுக்கிட்டிருக்கேன்ப்பா. நல்ல வெயிலு."

நல்லகாமன் தலையைத் தூக்கி அந்த வீட்டு மாடியைப் பார்த்தார். கொடிக்கயிறு காலியாக இருந்தது. ஒரு காக்கா கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தது. எவ்வளவு சுளுவாகச் சொல்கிறாள்! ஒரு திணறல் இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை. போனுக்குள் தூரத்தில் யாரோ மேலூர் மேலூர் மேலூர் என்று கூவிக்கொண்டிருந்தார்கள். அது மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுச் சத்தம். சோழவந்தானில் எவன் மேலூருக்கு ஆள் கூப்பிடப்போகிறான்?

"அத்தையும் மாடிலதான் இருக்காகளா?"

"இருந்தாகப்பா, இப்பத்தான் கீழ இறங்கிட்டாக."

"ரோகிணி, நான் உன் மாமியா வீட்டு முத்தத்துலதான் நிக்கிறேன்."

கூவுகிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு கையால் போனைப் பொத்துகிற சத்தம். பொத்தின கைக்குள்ளே யாரோ ஒரு பொம்பளையோடு குசுகுசுவென்று பேசினாள்.

"மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் வாசலுக்கு வாங்கப்பா," என்றாள் கடைசியில். "தனியா வாங்க."

தனியாக வராமல் பின்னே யாரோடு வருவார்? அடுப்பை அங்கேயே போட்டுவிட்டு வண்டியை எடுத்தார். விளாங்குடி, செல்லூர், கோரிப்பாளையம் எல்லாம் எப்போது தாண்டினோம் என்று அவருக்குத் தெரியாது. யாரோடு இருக்கிறாள், எவன் கூட்டிக்கொண்டு போனான், சாப்பிடுகிறாளா, அந்தப் பொம்பளை யார்? கேட்க நூறு கேள்வி இருந்தது. சிவனாண்டி கோயில் திருப்பத்தில் ஒரு பஸ்காரன் இறங்கி வைததுகூட அவர் மண்டையில் ஏறவில்லை.

பூ மார்க்கெட் வாசலில் ஈரச்சாக்கும் வாடின மல்லியும் காலுக்கடியில் மிதிபட்டன. கூட்டத்தில் ரோகிணியை உடனே கண்டுபிடித்துவிட்டார். தோளில் ஒரு பெரிய பை. உடம்பு கொஞ்சம் பூசியிருந்தாள். நல்லாத்தான் இருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஒரு பொம்பளை நின்றிருந்தாள்.

மாயக்காள்.

நல்லகாமன் அப்படியே நின்றுவிட்டார். காலையில் பூ வாங்கப் போறேன் என்று சொல்லிவிட்டு வந்தவள். வாராவாரம் வியாழக்கிழமை பூ வாங்கப் போகிறவள். கூடையில் பூ இருந்தது. பூவுக்குக் கீழே அவர் வீட்டுத் தூக்குவாளியும் இருந்தது.

"நீயா? உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஒம்பது மாசமா?"

"ஆமா. பூக்கடைல பில்லு போடுற வேல. சீர்ச் சாமான வித்துத்தான் அட்வான்ஸ் குடுத்து, கூட வேல பாக்குற பொண்ணு ஒருத்தியோட ரூம் எடுத்துருக்கா. நல்ல புள்ள." மாயக்காள் இதைச் சொல்லும்போது மகளின் கையை விடவில்லை. வீட்டில் அவள் இப்படி முகத்துக்கு நேராகப் பேசி அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

அவருக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. திக்பிரமை பிடித்த மாதிரி மகளைப் பார்த்தார். "அவன் உன்ன அடிச்சானாமே. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நேரா நம்ம வீட்டுக்கு வந்துருக்க வேண்டியதுதானத்தா? அப்பன் என்ன செத்தா போனேன்?"

"வந்தேனேப்பா" என்றாள் ரோகிணி.

"எப்ப வந்த?"

"போன மாசில. சித்திரைக்கு ரெண்டு மாசம் முந்தி." அவள் சத்தம் போடவில்லை, அழவில்லை. "காதோட சேத்து அறைஞ்சான். கம்மல் பிச்சுக்கிட்டு ரத்தமா வந்துச்சு. அப்படியே பஸ் ஏறிப் பட்டறைக்கு வந்தேன். எல்லாத்தயும் சொன்னேன். நீங்க முழுசாக் கேட்டீங்கப்பா. வீட்டுக்கு வீடு வாசப்படின்னு சொன்னீங்க. எதுத்த கடைல பரோட்டா வாங்கியாந்து சாப்பிடச் சொன்னீங்க. சாப்ட்டதும் எம்பைய வாங்கி வண்டில மாட்டிட்டு, ஏறுத்தான்னீங்க. நானும் ஏறிட்டேன்."

காதை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறீங்கன்னு நெனச்சேன்ப்பா. சோழவந்தான் ரோட்டுல திரும்புறவரைக்கும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

நல்லகாமனுக்கு முதலில் பரோட்டா ஞாபகம் வந்தது. அவள் பிய்த்துப் பிய்த்து வைத்துவிட்டுத் தின்னாமல் இருந்தது ஞாபகம் வந்தது. அப்புறம்தான் காது. அது தன் மகள் காது, அதில் ரத்தம் இருந்தது, தன் கண்ணால் பார்த்தார், அப்புறம் மறந்துவிட்டார். முத்துச்செல்வி வீட்டு முற்றத்தில் நின்று, சின்னப்புள்ள தெரியாம வந்துருச்சு, மன்னிச்சிருங்க என்று இவர் கும்பிட்டதும் ஞாபகம் வந்தது. இன்றைக்கு அதே முற்றத்தில் எனக்குத் தெரியாதே என்று கத்தியிருக்கிறார். அந்தப் பொம்பளை ஏன் அப்படிப் பார்த்தாள் என்று இப்போது விளங்கியது. அந்த நாளை இத்தனை நாளும், மகள் குடும்பத்தை உடையாமல் ஒட்டிவைத்த நாள் என்றுதான் அவர் மனசில் வைத்திருந்தார்.

என்ன சொல்வது? மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய். வெயிலில் அவள் நெற்றியில் வேர்வை வடிந்தது. தோளில் பை கனத்துச் சரிந்தது. அதைப் பார்த்ததும் அவர் கை தானாக நீண்டது.

"பையக் குடுத்தா. கனமா இருக்குல்ல."

ரோகிணி இரண்டு கையாலும் பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு பின்னால் போனாள். ஒரே எட்டில் அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்தாள். இருபத்தாறு வயசுப் பிள்ளை. மாயக்காள் குறுக்கே வந்து நின்றாள். கூடை கீழே விழுந்து பூ சிதறியது. அவள் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள், நடுரோட்டில், கட்டின புருசனை.

"வேணாங்க. கூட்டிட்டுப் போயிராதீங்க. உங்களக் கையெடுத்துக் கும்புடுறேன். அவள விட்ருங்க."

அடித்தவனுக்குப் பயந்து மகள் ஓடவில்லை. அவனிடமிருந்து ஊரைக் கூட்டிச் சாமானோடு தைரியமாகத்தான் வெளியே வந்தாள். அவள் ஒளிந்துகொண்டிருப்பது தனக்குப் பயந்து. ஒருநாளும் மகளைக் கைநீட்டி அடிக்காத தனக்கு. நீட்டின கையை மெதுவாக இழுத்துக்கொண்டார்.

"தப்புப் பண்ணிட்டேன்," என்றார். யாருக்குக் கேட்டதோ தெரியவில்லை. கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். "போங்க. ரெண்டு பேரும் ரூமுக்குப் போங்க. எங்கன்னு கேக்க மாட்டேன். பின்னால வர மாட்டேன்."

யாரும் நகரவில்லை. அவர் சொன்னதை நம்பவில்லை என்று அவருக்குப் புரிந்தது. ஏன் நம்ப வேண்டும்?

மார்க்கெட் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். மூட்டை தூக்கி வந்த ஒருவன், "யண்ணே, வழில நிக்காதீங்க" என்று தோளில் இடித்துவிட்டுப் போனான். அவர் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பின்னால் இரண்டு ஜோடிச் செருப்புச் சத்தம் கிளம்பியது. இடது பக்கமா, பஸ் ஸ்டாண்டுப் பக்கமா என்று அவர் காது தானாகத் தேடியது. நல்லகாமன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்.